பூரிக்கட்டைக்கு எத்தனை மதிப்பெண்?

மனச்சோர்வோ பதற்றமோ உள்ள ஒருவர் ஒரு படத்தைப் பார்க்கும்போது என்ன உணர்கிறார் என்பதை அளக்க, உளவியல் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் படத்தொகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாங், மார்கரெட் பிராட்லி ஆகியோரின் குழு உருவாக்கியது. பன்னாட்டு உணர்வுப் படத்தொகுதி என்று தமிழில் சொல்லலாம். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஐஏபிஎஸ் என்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள். நாய்க்குட்டி, சிரிக்கும் குழந்தை, தழுவி நிற்கும் ஜோடி ஒருபுறம். பாம்பு, நம்மை நோக்கி நீட்டிய துப்பாக்கி, சிதைந்த உடல், பெண்ணைத் தாக்கும் ஆண் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் எந்த உணர்ச்சியையும் தராதவை என்று ஒரு வகை. நடுநிலைப் படங்கள். எனக்கு அந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதில் என்னென்ன இருக்கின்றன? பூரிக்கட்டை, துண்டு, கரண்டி, கிண்ணம், கூடை, இஸ்திரிப்பெட்டி, குப்பை அள்ளும் முறம், குப்பைத்தொட்டி, கோப்பை, முள்கரண்டி. சுத்தியல், குடை, புத்தகம், லாரி போன்றவையும் உண்டு. வீட்டுச் சாமான் மட்டும்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனாலும் அந்தப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது, யாரோ உட்கார்ந்து சீர்வரிசைக்குக் கணக்கெழுதியதுபோலத்தான் எனக்குத் தோன்றியது.

சோதனை நடக்கும் விதம் எளிமையானது. ஒவ்வொரு படமும் திரையில் 6 நொடி இருக்கும். பார்த்தவர், அது எவ்வளவு இனிமையாக இருந்தது, தன்னை எவ்வளவு கிளர்த்தியது என்று சொல்ல வேண்டும். சொற்கள்கூடத் தேவையில்லை. சிரிப்பிலிருந்து சுளிப்புவரை வரையப்பட்ட சிறு மனித உருவங்களில் ஒன்றைக் குறித்தால் போதும், அது 1 முதல் 9 வரையிலான மதிப்பெண்ணாகிவிடும். சில ஆய்வுகளில் கண்ணுக்குக் கீழே மின்முனையை ஒட்டி, படம் தெரியும்போதே காதில் திடீரென ஓர் இரைச்சலை எழுப்பி, இமை எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று பதிவுசெய்வார்கள். கொடூரமான படத்தின்போது துடிப்பு கூடும், இனிய படத்தின்போது குறையும். கூடும், குறையும் என்றால் எதைவிட? பூரிக்கட்டையைப் பார்க்கும்போது இருந்ததைவிட. தராசில் முள் நிற்க வேண்டிய இடம் அதுதான். மனச்சோர்வு பற்றியும் பதற்றம் பற்றியும், ‘பெண்கள் உணர்ச்சிவயப்படுகிறவர்கள்’ என்பது பற்றியும் எழுதப்படும் எண்களில் பல இந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடலாம். பூரிக்கட்டைக்கு 5-ஐ ஒட்டிய மதிப்பெண் கிடைத்தது யாருடைய சதியாலும் அல்ல. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் காட்டி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அட்டவணை போட்டுத்தான் வாங்கினார்கள். அந்த மாணவிகளும் நடுவில்தான் குறித்தார்கள். பதினெட்டு, இருபது வயதில், விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்குப் பூரிக்கட்டை ஒரு மரத்துண்டு. அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய மரத்துண்டு, பிறகு எல்லாப் பெண்களுக்குமான பூஜ்யமாக ஆனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

நம் ஊரில் அது என்றைக்குமே நடுநிலையாக இருந்ததில்லை. வாரப் பத்திரிகைகளின் நகைச்சுவைத் துணுக்குகளை நினைத்துப் பாருங்கள். மனைவியின் கையில் பூரிக்கட்டை, கணவனின் தலையில் வீக்கம். தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே படத்தை வரைந்து தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்குள் அடி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு விழுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு சமூகம், அதைத் தலைகீழாக வரைந்து சிரித்துக்கொண்டது. அந்தத் துணுக்குப் படத்துக்கு நான் எத்தனை மதிப்பெண் போடுவது? சிறுவயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தச் சாமான்களை வைத்தே எடுக்கப்பட்ட கலைப்படைப்பு ஒன்று இருக்கிறது. 1975-இல் அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் எடுத்த ‘சமையலறையின் குறியியல்’. கறுப்பு வெள்ளைக் காணொளி, ஏறக்குறைய 6 நிமிடம். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர்போல ஒரு மேசைக்குப் பின்னால் நிற்கிறார். ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு சாமானாக எடுத்து, பெயரைச் சொல்லி, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுகிறார். கிண்ணம், முள்கரண்டி, பூரிக்கட்டை, கரண்டி எல்லாம் வருகின்றன. சமையல் நடப்பதேயில்லை. அகப்பையால் எதையோ மொண்டு பக்கவாட்டில் வீசுகிறார். பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் மேசையைக் குத்துகிறார். கடைசிச் சில எழுத்துகளுக்கு வரும்போது சாமான்கள் தீர்ந்துபோக, கத்தியும் முள்கரண்டியும் பிடித்த கைகளோடு தன் உடம்பையே எழுத்தாக வளைக்கிறார். எல்லாம் முடிந்ததும் தோளைக் குலுக்குகிறார்.

அவர் கைகளில் அத்தனை ஆவேசம் இருக்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை. மாணவிகளுக்கு இதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் முதல் நிமிடத்தில் சிரிப்பார்கள், மூன்றாவது நிமிடத்தில் சிரிப்பு அடங்கும். ‘மேடம், அவங்களுக்கு டிப்ரஷனா?’ என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அது கோபமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அசையாத முகத்தைப் பார்த்து அது என்ன என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

மனச்சோர்வைப் பற்றி இந்த ஆய்வுகள் கண்டது அசையாத முகத்தைப் பற்றித்தான். சோர்வில் இருப்பவர் சோகப் படத்தைப் பார்த்தால் மற்றவர்களைவிட அதிகம் உடைந்துபோவார் என்றுதான் நாம் நினைப்போம். நம் சினிமாவும் தொடர்களும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. துயரப்படுகிறவள் என்றால் கண்ணீர் வழிய வேண்டும். ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. 2008-இல் லாரன் பைல்ஸ்மா, பெத்தனி மாரிஸ், ஜோனத்தன் ராட்டன்பர்க் ஆகியோர் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் இனிய தூண்டல்களுக்கும் குறைவாகத்தான் அசைகிறார்கள், துயரமான தூண்டல்களுக்கும் குறைவாகத்தான் அசைகிறார்கள். இனியவற்றுக்கான குறைவு பெரிது; துயரமானவற்றுக்கான குறைவு அதைவிடச் சிறிது, ஆனால் இருக்கிறது. சூழலுக்கு ஏற்ப உணர்வு மாறாமல், ஒரே மட்டத்தில் நின்றுவிடுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம் என் பெரியப்பா மகள். முதல் பிரசவம் முடிந்த மூன்றாவது மாதம். குழந்தையை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய், தலையில் கிரீடம் வைத்து, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அக்காவிடம் செல்பேசியை நீட்டினால் பார்ப்பாள், திருப்பிக் கொடுத்துவிடுவாள். ‘பெத்த பிள்ளையோட போட்டோவைப் பாத்துக்கூட முகம் மலரலயே, கல்லு மனசுடி இவளுக்கு’ என்று அவள் காதுபடவே பேசினார்கள். அழுதுகொண்டிருந்தாலாவது யாராவது டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். அழாததால் திமிர் என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் அப்படியே போயிற்று. சரியான பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: ‘சந்தோஷமும் வரல, அழுகையும் வரலடி. யாரோ அனுப்புன குட்மார்னிங் மெசேஜ் மாதிரி இருந்துச்சு அந்தப் போட்டோ.’ பைல்ஸ்மா குழுவின் அட்டவணையில் இருப்பது இதுதான். அந்த அட்டவணையைப் பற்றி ஒரே ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அவளைக் கல் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னாள். குழந்தையின் படம் அசைக்காத அவளை, காலையில் மேடையில் கழுவிக் கவிழ்த்து வைத்த பால் புட்டிகளின் வரிசை அசைத்தது. அதைப் பார்த்த உடனே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுமாம், வாய் உலர்ந்துபோகுமாம். இப்போது ஆய்வுக்கூடத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் படம் இனிய படம். கவிழ்த்து வைத்த புட்டி, கிண்ணம்போல, கோப்பைபோல, நடுநிலைப் படம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது அவளுடைய உணர்வு. அக்காவுக்கு அந்தக் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே ஏதோ வந்திருக்கும். ‘உணர்வு மழுங்கியிருக்கிறது’ என்று எழுதியிருப்பார்கள். மழுங்கவில்லை, வேறு படத்தில் இருந்தது. ஓர் அக்காவை வைத்து 19 ஆய்வுகளை மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், மறுக்கவும் இல்லை. கழிக்கும்போது எதைக் கழிக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

பதற்றத்துக்கு வந்தால் விஷயம் எதிர்த்திசையில் போகிறது. பதற்றம் உள்ளவர்களின் கண், அச்சுறுத்தும் படத்துக்கு முதலில் ஓடுகிறது. 1986-இல் காலின் மக்லவுட், ஆண்ட்ரூ மேத்யூஸ், பிலிப் டாட்டா ஆகியோர் முதலில் சொற்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரையில் இரண்டு சொற்கள், ஒன்று அச்சுறுத்துவது, ஒன்று சாதாரணமானது. இரண்டும் மறைந்ததும் ஓரிடத்தில் ஒரு புள்ளி தோன்றும். அச்சுறுத்தும் சொல் இருந்த இடத்தில் புள்ளி வந்தால், பதற்றம் உள்ளவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். பிறகு சொற்களுக்குப் பதில் கோப முகங்களும் சாந்த முகங்களும் வந்தன. இதற்குக் கவனச் சாய்வு என்று பெயர். சாய்வு என்றால் நேராக நிற்க வேண்டியது சாய்ந்திருக்கிறது என்று பொருள். இரவு பத்து மணிப் பேருந்தில் ஏறும் பெண், உட்காருவதற்கு முன் எத்தனை முகங்களை அளக்கிறாள் என்று நமக்குத் தெரியும். அவளுடைய நேர் எது, சாய்வு எது என்று யார் கோடு போட்டது?

2001-இல் பிராட்லியும் லாங்கும் சகாக்களும் ஐஏபிஎஸ் படங்களுக்கு ஆண்களும் பெண்களும் காட்டும் எதிர்வினைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரும்பத்தகாத படங்களுக்குப் பெண்களின் தற்காப்பு எதிர்வினை பரவலாகவே அதிகம், உள்ளடக்கம் இன்னதுதான் என்றில்லை. ஆண்களின் கிளர்ச்சி பாலியல் படங்களில் கூடுகிறது. அவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது, பெண்ணைத் தாக்கும் ஆணின் படம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே படம் என்ற அந்த அமைதியான நம்பிக்கை. ஒருவர் அதை ஒரு காட்சியாகப் பார்க்கிறார். மற்றவர் அதில் தான் நிற்கும் இடத்தையும் பார்க்கிறார்.

இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்து பார்ப்பது பயனுள்ளது. பெண்ணியக் கட்டுரையில் தொல்காப்பியமா என்று தோழிகள் முகம் சுளிக்கலாம். அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்குரிய குணங்களாக வகுத்துவைத்த நூல்தான் அது, மறக்கவில்லை. பயப்படுவதை அணிகலனாக மாட்டிவிட்ட சமூகத்தில் பயப்படுகிறவளைப் பிறகு நோயாளி என்கிறோம் என்பதற்கும் அதுவே சாட்சி. ஆனால் உணர்ச்சி எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்பதில் அந்த நூல் கறாரானது. அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: தெய்வம், விலங்கு, கள்வர், தன் இறை. இறை என்பதை அரசன் என்று படிப்பது வழக்கம். தன்மேல் அதிகாரம் உள்ளவர் என்று நான் படிக்கிறேன். அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்படுவது. இழப்பும் வறுமையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இந்த நான்கையும் ஐஏபிஎஸ் படங்களோடு பொருத்திப் பார்த்தேன். விலங்கு இருக்கிறது, பாம்பும், பல்லைக் காட்டும் நாயும். கள்வர் இருக்கிறார்கள், கத்தியோடும் துப்பாக்கியோடும். தெய்வத்தை விட்டுவிடலாம். நான்காவதைப் படம் எடுப்பது எப்படி? தன்மேல் அதிகாரம் உள்ளவர் படத்தில் கத்தி பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சட்டை இஸ்திரி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவரைப் படம் எடுத்தால் சாதாரணமான ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம்தான் கிடைக்கும்; அதுவும் நடுநிலைப் பெட்டிக்குத்தான் போகும். அவரைப் பற்றிய பயம் தங்கியிருப்பது இஸ்திரிப்பெட்டியில், வாசலில் கழற்றிவிட்ட செருப்பில், தட்டில் ஒதுக்கிவைத்த காயில். இளிவுக்கும் அப்படியே. இகழப்படுவதை 6 நொடிப் படமாக எடுக்க முடியாது. அதற்கு ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலை நேற்றும் கேட்டிருக்க வேண்டும்.

மனச்சோர்வில் இருப்பவர்கள் நடுநிலை முகங்களைச் சோக முகங்களாகத் தவறாக வாசிக்கிறார்கள் என்று ஆய்வுகள் உண்டு. ‘தவறாக’ என்ற சொல்லை அங்கே நான் சற்றுத் தயங்கித்தான் படிக்கிறேன். உம்மென்றிருக்கும் ஒரு முகத்தின் அடுத்த அசைவு என்னவாக இருக்கும் என்று கணிப்பதிலேயே பத்து வருடம் கழித்தவளுக்கு, உம்மென்ற முகம் வெற்றிடம் அல்ல.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வலு சேர்க்கும் சான்று அதே ஃபுளோரிடா குழுவிடமிருந்தே வந்திருக்கிறது. 2010-இல் லிசா மக்டீக் லாங்கோடும் பிராட்லியோடும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் உள்ளவர்களிடம், படங்களைக் காட்டுவதற்குப் பதில், அச்சமூட்டும் காட்சிகளை மனக்கண்ணில் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரே ஒரு அதிர்ச்சியைச் சந்தித்தவர்களின் இமைத் துடிப்பு வலுவாகக் கூடியது. மீண்டும் மீண்டும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் துடிப்பு மங்கிக் கிடந்தது. தங்கள் துன்பம் மிகப் பெரிது, மிகப் பரவலானது என்று வாயால் சொன்னவர்களும் அவர்களேதான். அதாவது அதிகம் பட்டவர்களின் உடம்பு குறைவாகக் காட்டியது. நம் வீடுகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: மரத்துப்போச்சு. மகளிர் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வருடக்கணக்காக அடிவாங்கிய பெண் பதறாமல், அழாமல், கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோலத் தன் கதையைச் சொல்லும்போது, ‘இவ்வளவு நிதானமா பேசுறாளே, பொய்யா இருக்குமோ’ என்று கேட்கிறவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டும்.

நேரம்தான் படத்தொகுதிகளிடம் இல்லாத பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜியோ பேபி இயக்கி 2021-இல் வந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ நினைவிருக்கும். 2023-இல் தமிழிலும் வந்தது. அதில் ஒழுகும் தொட்டிக் குழாயின் படத்தை மட்டும் எடுத்து 6 நொடி காட்டினால் யாரும் 5-க்குப் பக்கத்தில்தான் குறிப்பார்கள். படத்தில் அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள், அவன் மறக்கிறான். மறுபடி சொல்கிறாள், மறக்கிறான். நறுக்குவது, வதக்குவது, துடைப்பது, மேசையில் ஆண்கள் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, மறுபடி நறுக்குவது. முக்கால் மணி நேரத்தில் என் வயிறு புரட்டத் தொடங்கியது. பக்கத்திலிருந்த என் கணவர், படம் ‘ஸ்லோ’ என்றார். அவர் கெட்டவர் அல்ல, அவருக்கு உண்மையிலேயே ஸ்லோவாக இருந்தது. ஷாந்தால் அகெர்மனின் ‘ழான் தீல்மன்’ 1975-லேயே இதை 201 நிமிடத்துக்கு நீட்டிச் செய்துவிட்டது. உருளைக்கிழங்கு வெந்து குழைந்துபோனது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு காட்சியில் கதிகலங்க வைக்கும் படம் அது. ராஸ்லரின் காணொளி வந்ததும் அதே ஆண்டுதான்.

ஐஏபிஎஸ் படங்களை ஆய்வுக்கு வெளியே யாரும் வெளியிடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2017-இல் வந்த ஒயாசிஸ் தொகுதியில் 900 படங்கள் இருக்கின்றன, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். செகந்தராபாத்தில் பிறந்த மஹ்ஜரின் பானாஜி அதை உருவாக்கியவர்களில் ஒருவர். நான் வகுப்புக்கு இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. மாணவிகளையே அவரவர் வீட்டில் செல்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். குக்கர், தேங்காய்த் துருவி, துடைப்பம், இஸ்திரிப்பெட்டி, கொடியில் காயும் துணி, நிலைக்கதவின் தாழ்ப்பாள். அவற்றை வீட்டிலிருக்கும் பெண்களிடம் காட்டி 1 முதல் 9 வரை மதிப்பெண் வாங்கிவரச் சொன்னேன். ஆய்வு என்று இதைச் சொல்லமாட்டேன், வகுப்புப் பயிற்சிதான். பாட்டிகள் சிலர் எல்லாவற்றுக்கும் 9 போட்டார்கள். படம் எடுத்தது பேத்தி என்பதால். தாழ்ப்பாளுக்கு 1 போட்ட ஒரு சித்தி, ஏன் என்று சொல்ல மறுத்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை.

ஒரு மாணவி தன் அம்மாவிடம் குக்கர் படத்தைக் காட்டியிருக்கிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ‘இது காலையிலயா, ராத்திரியிலயா?’ என்று கேட்டிருக்கிறார். படத்தில் அது இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். ‘அது தெரியாம எப்படிடி போடுறது’ என்றாராம். கடைசியில் காலைக்கு 2, ராத்திரிக்கு 6 என்று ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தார். 6-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: எல்லாரும் சாப்பிட்டிருந்தால்.